நீதவான் அக்காவின் அரசன்

கறியை ருசி பார்க்கக் கொடுத்தால் அக்கா ஒரு வாயோடு நிறுத்தமாட்டார். முதல் வாயை விழுங்கிவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் குடிப்பார். பிறகு இரண்டாம் வாய் எடுத்து, சுவரைப் பார்த்தபடி மெல்லுவார். நான் அகப்பையும் கையுமாக நிற்பேன். அதற்குப் பிறகுதான், "உப்புக் காணும், போதும்" என்பார். முதல் வாயிலேயே சொன்னால் என்ன அக்கா என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். வேலையால் வந்த பசியில் முதல் வாய் எதுவானாலும் நல்லாத்தான் இருக்கும், அதை வைத்துச் சொல்ல ஏலாது என்றார்.

அவருடைய பெயரை நான் எழுதவில்லை. சொந்தக்காரர் இப்பவும் இருக்கிறார்கள். கேட்காமல் எழுதுவது முறையில்லை. எங்கள் எல்லோருக்கும் அவர் அக்காதான்.

எழுபதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் சிட்னியில், வென்ட்வேர்த்வில் ஸ்ரேசனுக்குப் பின்பக்கத் தெருவில் வாடகைக்கு இருந்தோம். இப்போது அந்தப் பக்கம் போனால் இடியப்பமும் கொத்தும் கடையில் வாங்கலாம். அந்த நாளில் ஒரு பிடி கறிவேப்பிலை வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற யாராவது காயவைத்துக் கொண்டுவந்தால்தான் உண்டு. இவருக்கு, என் கணவருக்கு, ரெயில்வேயில் வேலை. நான் கைக்குழந்தையோடு வீட்டில். மதிலுக்கு அந்தப் பக்கத்துச் சின்ன வீட்டில் அக்கா தனியாக இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கலியாணம் செய்யவில்லை. சின்ன வயதிலேயே லண்டனுக்குப் படிக்கப் போய், அங்கிருந்து இங்கே வந்தவர். நகரத்தில் ஒரு பல்கலைக்கழகத்து அருங்காட்சியகத்தில் பழைய எகிப்துச் சாமான்களைத் துடைத்து, அளந்து, ஒவ்வொன்றுக்கும் அட்டை எழுதுகிற வேலை.

எனக்குப் புது ஆட்களோடு கதைக்கக் கூச்சம். தொண்டைக்குள்ளேயே குரல் நின்றுவிடும். மற்றவர்கள், "என்ன சொன்னனீர்? என்ன?" என்று கேட்டுக்கேட்டு என்னை இன்னும் வாய் மூடவைப்பார்கள். அக்கா கேட்கமாட்டார். நான் திரும்பச் சொல்லும்வரை பேசாமல் இருப்பார். அதனாலேயே அவரோடு ஒட்டிக்கொண்டேன்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை தமிழ்க் குடும்பங்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். தேவாரம் படித்து முடிந்ததும் ஆண்கள் ஹோலில், நாங்கள் குசினியில் சமையலோடு. அங்கேதான் ஊர்க் கதை எல்லாம் வரும். இன்னாருடைய மனைவி மாமியாரைக் கவனிக்கிறதில்லையாம், இன்னாருக்கு வேலை போய்விட்டதாம், வெளியே சொல்லாமல் இருக்கிறார்களாம். கதை நல்ல சூடாகப் போய்க்கொண்டிருக்கும்போது அக்கா வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டு, குரலை உயர்த்தாமல் கேட்பார்.

"கண்டனீரோ?"

"இல்லை அக்கா, சொல்லிச்சினம்."

"ஆர் கண்டது?"

யார் கண்டது என்று தேடிப் போனால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஒருமுறை வாயாடியான ஒரு அன்ரி, "எங்கடை நீதவான் வந்திட்டா. இனிச் சாட்சிக்காரரைக் கூப்பிட்டுப்போட்டுத்தான் கதைக்கவேணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அன்றிலிருந்து அவர் நீதவான் அக்கா. முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். ஆனால் அவருக்குத் தெரியும்.

இந்தக் குணம் எனக்கும் எப்போதும் இனித்தது என்று சொல்லமாட்டேன். மூத்தவனுக்கு ஒரு வயதாகும்போது மூச்சிழுப்பு வந்து, வெஸ்ட்மீட் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டு ஓடினோம். பிள்ளையை உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒன்றும் நடக்காது, பயப்படாதே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா வேலையிலிருந்து நேரே வந்தார். அவர் படித்தவர், அவர் சொன்னால் பலித்துவிடும் என்ற மாதிரி எனக்கு ஒரு எண்ணம். கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளைக்குச் சுகம் வருமோ அக்கா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது" என்றார்.

ஒரு பொய் சொன்னால் குறைந்தா போவார் என்று மனதுக்குள் ஏசினேன். அவர் பக்கத்துக் கதிரையில் இருந்தவர் இருந்தபடியே இருந்தார். ஒன்றும் நடக்காது என்று சொன்னவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போன பிறகும் இருந்தார். அடுத்த நாள் வேலைக்கும் போகவில்லை. டொக்டர் வந்து பிள்ளை மூச்சு நன்றாக எடுக்கிறான் என்று சொன்னபோது, எனக்கு இங்கிலீஷ் விளங்கவில்லை. அக்காதான் திருப்பிச் சொன்னார். "டொக்டர் சொல்லுறார், இப்ப நல்லாயிருக்கிறானாம்." அப்போதும், டொக்டர் சொல்லுறார் என்றுதான் சொன்னார்.

இனி அந்த அரசனைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அக்காவின் முன் அறையில், மற்றவர்கள் சாமிப் படமோ கலியாணப் படமோ மாட்டுகிற இடத்தில், பெரிதாக்கிய ஒரு கல்லின் படம் இருந்தது. ஒரு பக்கம் உடைந்த கல். அதில் ஒரு நீள்வட்டக் கோட்டுக்குள் ஒரு குருவி, இன்னும் இரண்டு மூன்று அடையாளங்கள். நான் அதை ஏதோ தெய்வம் என்று நினைத்து, முதல் நாள் போனபோது கும்பிடவும் செய்துவிட்டேன். நான் கும்பிட்டு முடிந்த பிறகு அக்கா, அது ஒரு எகிப்து அரசனின் பெயர் என்றார்.

"நல்ல அரசனோ அக்கா?"

"தெரியாது."

"கூடாதவனோ?"

"அதுவும் தெரியாது."

"பேர் என்ன?"

"பாதிதான் தெரியும்."

என்னை வைத்துப் பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். பகிடி இல்லை. அந்த அரசன் இருந்ததற்கு உலகத்தில் மூன்றே மூன்று சாமான்கள்தான் சாட்சி. ஒன்று இந்தக் கல். பின்னால் வந்த வேறொரு அரசன் அதைத் தன்னுடைய கோயில் சுவருக்குள் தலைகீழாக வைத்துக் கட்டிவிட்டான். இன்னொன்று, பழைய காலத்தில் யாரோ நாணல் தாளில் எழுதிவைத்த அரசர்களின் வரிசை. அந்தத் தாள் துண்டு துண்டாகக் கிழிந்துபோய், இவனுடைய பெயரின் கடைசிப் பாதி மட்டும் ஒரு துண்டில் தப்பியிருக்கிறது. எத்தனை வருடம் ஆண்டான் என்று எழுதியிருந்த இடம் இல்லை. மூன்றாவது சாமான் அக்காவின் அருங்காட்சியகத்திலேயே இருந்தது.

என்னைக் கூட்டிக்கொண்டுபோய் அதைக் காட்டினார். பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்து ரெயினில் நகரத்துக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிகளில் பெரிய பெரிய சாமான்கள் எல்லாம் இருந்தன. வந்தவர்கள் அவற்றைச் சுற்றித்தான் நின்றார்கள். அக்கா என்னைப் பின்பக்கத்து அறைக்குக் கூட்டிப் போய், ஒரு லாச்சியை இழுத்து, பஞ்சுக்குள் இருந்த ஒன்றைக் காட்டினார். என் பெருவிரல் நகம் அளவுதான். வண்டு மாதிரிச் செதுக்கிய பச்சைக் கல். திருப்பினால் அடியில் அதே நீள்வட்டம், அதே குருவி, அதிலும் ஒரு ஓரம் உடைந்து போய்விட்டது. அந்தக் காலத்தில் முத்திரை குத்துகிறதற்கும், நூலில் கோத்துப் போட்டுக்கொள்வதற்கும் இப்படிச் செய்வார்களாம்.

நூல் போகிற துளையைப் பார்க்கச் சொன்னார். துளையின் வாய் ஒரு பக்கமாகத் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. தாலிக்கொடியில் பழைய பதக்கத்தின் வளையம் தேய்ந்திருக்குமே, அதே மாதிரி.

"ஆரோ இதைக் கனகாலம் போட்டிருக்கினம்" என்றார்.

"அப்ப அவனிலை பட்சமான ஆக்கள் இருந்திருக்கினம் அக்கா" என்று நான் சொன்னேன்.

"ஆரோ இதைக் கனகாலம் போட்டிருக்கினம்" என்று அதையே திரும்பச் சொன்னார். ஆனால் லாச்சியை மூடமுன்னர், பஞ்சை விரல் நுனியால் சரிசெய்த விதத்தை நான் பார்த்தேன். பிள்ளைக்குத் தலையணை சரிசெய்கிற மாதிரி.

அவருக்குக் கோபம் வந்து நான் கண்டது இந்த அரசனுடைய விசயத்தில்தான். எகிப்து அரசர்களைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் வைத்திருந்தார். அதில் இவனுக்கு ஒரே ஒரு வரி. வலுவில்லாத அரசன், கொஞ்சக் காலம் ஆண்டான், சொல்லும்படியாக ஒன்றும் செய்யவில்லை. அந்த வரிக்குப் பக்கத்தில் அக்கா பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்ட கேள்விக்குறி. மூன்று சாமானில் எதில் இருக்கிறது வலுவில்லாதவன் என்று? மிச்சம் ஒன்றும் கிடைக்காததற்கு அவன் என்ன செய்வான்? கட்டினதைப் பின்னால் வந்தவன் பிடுங்கியிருக்கலாம், இன்னும் மண்ணுக்குள் கிடக்கலாம். கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்று எழுதவேண்டும், செய்யவில்லை என்று எழுத இவர்கள் யார் என்று, உடுப்புக் காயப்போடுகிற கம்பிக்குக் கீழே நின்று என்னிடம் கேட்டார். நான் என்ன சொல்லுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஓம் அக்கா என்று கவ்வியை எடுத்துக் கொடுத்தேன்.

அருங்காட்சியகத்துப் பேராசிரியர், ஒரு புத்தகம் வெளியிடப் போகிறோம், உங்கள் அரசனைப் பற்றி ஒரு அத்தியாயம் எழுதித் தாருங்கள் என்று கேட்டாராம். அக்கா ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார். இது காணாது, ஒரு அரசனுக்கு இருபது பக்கமாவது வேண்டாமா, அந்தக் காலம் எப்படி இருந்திருக்கும், அரண்மனை எப்படி இருந்திருக்கும் என்று சேர்த்து எழுதுங்கள் என்றாராம். எங்களுக்குத் தெரிந்தது வேறு ஆட்களின் அரண்மனைதான், இவனுடையது இல்லை என்று அக்கா சொல்லிவிட்டார். மூன்று சாமானும் ஒரே ஆளைத்தான் சொல்லுகின்றனவா என்பதே முழு நிச்சயம் இல்லை என்றும் அந்த ஒன்றரைப் பக்கத்திலேயே எழுதியிருந்தாராம். புத்தகம் வந்தது. அக்காவின் அரசன் அதில் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஊரிலிருந்து அப்புவின், என் தகப்பனின், கடிதம் வந்தது. என் தங்கச்சிக்குச் சிட்னியில் இருக்கிற ஒரு மாப்பிள்ளை பேசி வந்திருக்கிறது. தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களுக்குப் படம் வரைகிற வேலை. சாதகம் பொருந்தியிருக்கிறது, பெடியனின் படமும் வந்திருக்கிறது. குடும்பமும் பிழையில்லை. பெடியன் எப்படி என்றுதான் தெரியவேண்டும். நீங்கள் அங்கே விசாரித்து எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். அதே உறைக்குள் தங்கச்சியும் எனக்கு ஒரு சின்னத் துண்டு வைத்திருந்தாள். "அக்கா, படம் பார்த்தனான்" என்று மட்டும் எழுதியிருந்தாள். எனக்கு அது போதும். வேண்டாத படம் என்றால் அவள் அதைப் பற்றி எழுதியிருக்கவே மாட்டாள்.

அந்தப் பெடியன் சனிக்கிழமைக் கூட்டங்களுக்கு வருகிற ஆள் இல்லை, ஷிப்ட் வேலை. இவருக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒரே ஒரு ஆள்தான். அக்கா வென்ட்வேர்த்விலுக்கு வரமுன்னர், ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு பெரிய வீட்டில் அறை எடுத்து இருந்தார். அந்த வீட்டின் மேல்மாடி அறையில் இருந்தவன் இவன்.

நானும் இவருமாகப் போய்க் கேட்டோம். அக்கா நன்றாக யோசித்துத்தான் சொன்னார். விடிய முந்தி வேலைக்குப் போகும்போது மற்றவர்கள் எழும்பிவிடக்கூடாது என்று சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்குவான், அதைக் கண்டிருக்கிறார். பொதுக் குசினியில் யாரோ பொங்கவிட்ட பாலை ஒருநாள் அவன் துடைத்துக்கொண்டு நின்றான், அதைக் கண்டிருக்கிறார். குடித்துவிட்டு வந்ததைக் காணவில்லை. அறைக்குள் குடித்தானோ தெரியாது. அவ்வளவுதான். குணம் எப்படி அக்கா, நல்ல பெடியனோ என்று இவர் கேட்டார். அதைச் சொல்லுகிற அளவுக்குத் தனக்குத் தெரியாது என்றார்.

எங்களுக்கு அவருடைய வழக்கம் தெரியும் என்பதால் அதில் ஒன்றும் தோன்றவில்லை. இவர் அக்கா சொன்னதை அப்படியே அப்புவுக்கு எழுதிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை விசாரிக்கிறதற்கு ஒரு முறை இருக்கிறது. விசாரிக்கப்பட்டவர், தங்கமான பெடியன், கண்ணை மூடிக்கொண்டு குடுக்கலாம், இப்படிப் பிள்ளை கிடையாது என்று பொங்கி வழியச் சொல்லவேண்டும். பாதிக்குப் பாதி கழித்துத்தான் கேட்கிறவரும் எடுப்பார். கூடாதவன் என்றால் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்த பாவம் வேண்டாம் என்று. புகழாமல் விட்டுவிடுவார்கள். பெண் வீட்டார் விளங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். அப்பு அக்கா சொன்னதையும் அப்படித்தான் கழித்துப் பார்த்தார். ஒரு குளிர்காலம் முழுக்க ஒரே வீட்டில் இருந்த மனிசிக்கு, சப்பாத்தையும் பாலையும் தவிரச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லையா? கௌரவமான மனிசி, மறைக்கிறா. உடனே பேச்சை நிறுத்திவிட்டு, வவுனியாவில் வேறொரு இடம் பேசத் தொடங்கிவிட்டார். மாப்பிள்ளை வீட்டுக்கு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தாராம். தங்கச்சியிடம் கொடுத்த படம் மட்டும் எங்கே தேடியும் காணவில்லையாம். அது காணாமல் போகிற படம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் குசினியில் நானும் அவருமாகப் போஞ்சிக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தோம். கதவைத் தட்டுவது கேட்டது. மெலிந்த, உயரமான ஒரு பெடியன். இஸ்திரி போட்ட சேட்டு. அக்கா, வாரும் தம்பி, இரும் என்றார். அவன் இருக்கவில்லை.

"நான் கோவிச்சுக்கொண்டு வரேல்லை அக்கா. அம்மா எழுதியிருந்தா, நீங்கள் சொன்னதிலைதான் குழம்பினதெண்டு. என்னிலை என்ன குறையைக் கண்டனீங்கள் எண்டு கேட்டிட்டுப் போகத்தான் வந்தனான். திருத்தக்கூடிய குறையெண்டால் திருத்துவன்."

அக்காவின் கையில் இருந்த போஞ்சி அப்படியே நின்றது.

"நான் ஒரு குறையும் காணேல்லை."

"அப்ப ஒரு நல்ல சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"கண்டதைச் சொன்னனான், தம்பி."

"அது காணாதாம் அக்கா" என்றான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "இனி வேறை ஆரும் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவினம். முந்தின பேச்சு ஏன் நிண்டது எண்டு கேப்பினம். ஊரிலை தெரியுந்தானே."

ஒரு தேத்தண்ணீர் கூடக் குடிக்காமல் போய்விட்டான். நான் அக்காவைப் பார்க்கப் பயந்து போஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் விசாரிப்பு எப்படி நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. சின்ன வயதிலேயே வெளிக்கிட்டவர், அவருக்கு யாரும் மாப்பிள்ளை பேசியதும் இல்லை. நான்தான் மெல்ல மெல்ல விளக்கினேன். புகழாமல் விட்டால் கூடாதவன் என்று எடுப்பார்கள் என்றேன். கேட்டுக்கொண்டு இருந்தவர் எழும்பிப் போய் முன் அறையில் அந்தக் கல்லின் படத்துக்கு முன்னால் நின்றார்.

"ஒரு வரியிலை முடிச்சுப்போட்டினம் எண்டு அந்தப் புத்தகக்காரரை எவ்வளவு ஏசினனான்" என்று அங்கிருந்து சொன்னார். "இந்தப் பெடியனுக்கு நானே அதைச் செய்திட்டன்."

அழவில்லை. திரும்பி வந்து, கடிதம் போய்ச் சேர எத்தனை நாள் என்று கேட்டார். வவுனியா ஆட்கள் பெண் பார்க்க வருகிறதுக்கு முன் போகாது என்றேன். அப்படியென்றால் உங்கடை அப்புவோடை நான் கதைக்கவேணும் என்றார்.

அந்த நாளில் சிட்னியிலிருந்து எங்கள் ஊருக்கு ட்ரங்கோல் போட்டுப் போனில் கதைப்பது ஒரு யாத்திரை. ஊர்த் தபால் கந்தோரில்தான் போன். முதலில் தந்தி அடித்து, இன்ன நாள் முற்பகல் வந்து நிற்கச் சொல்லவேண்டும். அக்காவின் வீட்டு ரெலிபோனில் பதிந்துவிட்டு, பின்னேரம் நானும் அவரும் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தோம். மணி அடித்தது. சிட்னி ஒப்பரேற்றர், பிறகு கொழும்பில் சிங்களத்தில் ஒரு பெண், பிறகு யாழ்ப்பாணம். இரைச்சலுக்குள்ளே அப்புவின் குரல். தூரத்துக்குக் கேட்கவேண்டுமென்று அவர் போட்ட சத்தத்தில், காதில் வைக்காத எனக்கே எல்லாம் கேட்டது.

அக்கா தான் யார் என்று சொல்லி, சொன்னதையே திரும்பச் சொன்னார். சொல்லாமல் மறைத்தது ஒன்றுமில்லை, தெரிந்தது அவ்வளவுதான், தெரியாததைக் குறையாக எடுக்கவேண்டாம் என்றார். அப்பு விடவில்லை.

"பிள்ளை, சுத்தி வளைக்காமல் ஒண்டு சொல்லும். உம்மடை தங்கச்சியெண்டால் குடுப்பீரோ?"

ஓம் என்ற ஒரு சொல்லு. சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. தங்கச்சி அந்தப் படத்தை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாளோ, அங்கிருந்து எடுத்துவிடலாம். நான் அக்காவின் வாயையே பார்த்தேன். உதடு அசைந்தது, நின்றது.

"எனக்குத் தங்கச்சி இல்லை ஐயா" என்றார்.

நான் நெற்றியில் கையை வைத்தேன்.

"இருந்தால், நான் கண்டது இவ்வளவு, மிச்சத்தை நீதான் பாக்கவேணும் எண்டு அவளிட்டைச் சொல்லியிருப்பன்."

பிறகு அப்பு, மகளிடம் கொடும் என்றார். நான் வாங்கினேன்.

"பிள்ளை, இந்த மனிசி ஆர்? இவவின்ரை கதையை நம்பலாமோ?"

நான் பிறந்ததிலிருந்து அப்புவின் முன்னால் குரல் எழுப்பியது கிடையாது. அவர் கேட்டால் தலையாட்டுவேன். ரெலிபோனில் தலையாட்டி என்ன பயன். மெல்லச் சொன்னேன். கேக்கேல்லை, கேக்கேல்லை என்று அப்பு கத்தினார். ஒப்பரேற்றர் நேரம் முடியப்போகிறது என்று இடையில் வந்தாள். அக்கா வழக்கம்போலப் பேசாமல் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

"அப்பு" என்று கத்தினேன். முன் வீட்டுக் கிரேக்க மனிசி திரைச்சீலையை விலத்திப் பார்த்தாள். "என்ரை பிள்ளை சாகக் கிடக்கேக்கை, சுகம் வருமோ எண்டு கேட்டன். தெரியாதெண்டு சொன்னவ. என்னைத் தேற்றக்கூட இவ பொய் சொல்லேல்லை அப்பு. இவ குறை கண்டிருந்தால் குறையெண்டு சொல்லியிருப்பா."

லைன் அறுந்துவிட்டது. எவ்வளவு போய்ச் சேர்ந்தது, எவ்வளவு சேரவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியாது. ரெலிபோனைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அக்கா என் முதுகைத் தடவினார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படிச் செய்ததில்லை.

பிறகு காத்திருந்ததுதான். நான் தபால்காரன் வருகிற நேரம் வாசலில் நிற்பேன். அக்கா வேலையால் வரும்போது மதிலுக்கு மேலால் பார்ப்பார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். அவர் மெலிந்துகூடப் போனார். ஒருநாள் அப்புவின் கடிதம் வந்தது. வவுனியா ஆட்களை வரவேண்டாம் என்று சொல்லியாயிற்று, இந்தப் பெடியனையே செய்யலாம், லீவெடுத்து வரச் சொல்லுங்கள். ஏன் மனம் மாறினார் என்று அப்பு எழுதவில்லை. தங்கச்சியும் ஒரு துண்டு வைத்திருந்தாள். அதில் படம் கிடைத்துவிட்டது என்று இருந்தது.

ஊரில் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை இரண்டு வாரம் அவளோடு இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். தங்கச்சிக்குக் கடதாசி வேலை எல்லாம் முடிந்து வர மாதக்கணக்காகிவிட்டது.

அவள் வந்து இறங்கின அன்று நல்ல வெயில். நான் வற்புறுத்தி அக்காவையும் விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். தங்கச்சி நீலச் சேலையில், கையில் பனங்கட்டி வைத்த ஒரு சின்ன ஓலைக் குட்டானைக் கெட்டியாகப் பிடித்தபடி வெளியே வந்தாள். மாப்பிள்ளை அவளைக் கண்டதும் பெட்டியை வாங்குவதா, கதைப்பதா என்று தெரியாமல் நின்றார். காரில் இவர் ஓட்ட, மாப்பிள்ளை முன் ஆசனத்தில். பின்னால் நாங்கள் மூன்று பேர், தங்கச்சி நடுவில். பரமட்டா றோட்டுக்கு வரும்வரை ஒருவரும் அதிகம் பேசவில்லை. தங்கச்சி முன்னால் இருந்தவரின் பிடரியை ஒருமுறை பார்த்துவிட்டு, அக்காவின் காதுக்குக் கிட்டக் குனிந்தாள். எனக்கும் கேட்டது.

"அக்கா, நீங்கள் ஒரே வீட்டிலை இருந்தனீங்கள். உண்மையாச் சொல்லுங்கோ. இவர் என்ன மாதிரி ஆள்?"

அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தார். "நான் அவரோடை ஒரு மேசையிலை இருந்து சாப்பிட்டதுகூட இல்லை. நீர் ரெண்டு கிழமை இருந்திருக்கிறீர். நீர்தான் எனக்குச் சொல்லவேணும்."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். அக்கா வெளியே பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். தங்கச்சி யோசித்தாள். பிறகு வாயை மூடிச் சிரித்துக்கொண்டு, "வெக்கம் வந்தால் காதைச் சொறிவார்" என்று சொன்னாள்.

அதைக் குசுகுசு என்று சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. முன் ஆசனத்தில் ஒரு கை மெல்ல மேலே போய்க் காதைத் தொட்டுவிட்டு, தொட்டபடியே நின்றது.

அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஓம்" என்றார்.